விரலால் சுத்தற ஸ்டேரிங்

பூவம்மாள்: ...அதெல்லாம் உனக்கெதுக்கு தாவீது? ஸ்டேரிங் லேசா சுத்தணும். அவ்ளோதான் நான் கேக்கறது.

தாவீது: லேசான்னா எப்பிடிக்கா? இது பட்டாளத்துல ஓடித் தேஞ்சி, உங்க ஊட்டுக்காரரு ஏலத்துல எடுத்த ஜீப்பு. சண்டைக்குப் போயிட்டு வந்த வண்டி. இதுல போயி...

பூவம்மாள்: போயிட்டு வந்தா இன்னா? இப்ப எங்க வேர்க்கடலை மூட்டையத்தான சுமக்குது. ஜோலிய ஆரம்பி. சாயங்காலத்துக்குள்ள ஆவணும்.

தாவீது: சாயங்காலமா? ஷெட்டுல ரெண்டு லாரி நிக்குதே, கண்ணுக்குத் தெரியலியா?

பூவம்மாள்: தெரியுது. லாரி நாளைக்கு கருட சேவைக்குப் போவுதா? இது போவுது. விடியறதுக்குள்ள சின்ன காஞ்சிபுரத்துல நிக்கணும். முசரவாக்கத்துல எங்க தெருவே இந்த ஜீப்புலதான் ஏறப்போவுது.

தாவீது: சரி, ஏறட்டும். ஓட்டப்போறது நீதான? இப்ப ஊர்லேருந்து ஓட்டிக்கினு வந்த மாதிரி ஓட்டிக்கினு போ.

பூவம்மாள்: நாளைக்கு நான் ஓட்டல. அவரு ஓட்டுவாரு.

தாவீது: ஆதிகேசவண்ணனா? வெக்கப்போருலேருந்து உழுந்து எடது கைய ஒடிச்சிக்கினாரே...

பூவம்மாள்: அது போன வருசம். புத்தூருக்கு இட்டுக்கினு போயி கட்டு கட்டி, அத்த அவுத்தும் ஆச்சு. எலும்பு கூடிடுச்சின்னு கட்டு போட்டவரே சொல்லிட்டாரு. ஆனா இவரு ஸ்டேரிங்கப் புடிச்சா, "முடியலமே, இழுக்குது"ன்னு எறங்கிடறாரு.

தாவீது: அதான் நீ கத்துக்கினு ஓட்டறியே. நல்லாத்தான ஓட்டற.

பூவம்மாள்: நான் ஓட்டறேன், அவரு பக்கத்து சீட்டுல பொட்டலமாட்டம் உக்காந்துக்கினு வராரு. டீக்கடையில ஒருத்தன் கேக்கறான், "இன்னா ஆதிகேசவா, டிரைவரம்மாக்கு சம்பளம் எவ்ளோ"ன்னு.

தாவீது: அண்ணன் இன்னா சொன்னாரு?

பூவம்மாள்: சிரிச்சாரு. அவரு சிரிக்கறாரு, எனக்கு வவுறு எரியுது. உள்ளுக்குள்ள எவ்ளோ நொந்து போயிருப்பாரு... நாளைக்கு அத்தினி ஜனம் பாக்க அவரு கையால வண்டி போவணும். அவ்ளோதான்.

தாவீது: அப்ப அவரையும் இட்டுக்கினு வந்திருக்கலாமே.

பூவம்மாள்: ஐயே, அவருக்கு மூச்சுகூட தெரியக்கூடாது. நீ லேசு பண்ணிடு. நாளைக்கு எனக்குக் கால் சுளுக்கிக்கினுதுன்னு சொல்லி அவரை ஒக்கார வெப்பேன். "பரவால்லியே, கைக்கு பலம் வந்துடுச்சே"ன்னு அவரே நெனச்சிக்கணும்.

தாவீது: கைக்கு வைத்தியம் பாக்கறதுக்கு ஜீப்புக்கு ஆபரேசன். நல்லாருக்குது கதை. அண்ணன் இப்ப எங்க?

பூவம்மாள்: வாலாஜாபாத்துல, ரைஸ் மில்லுக்கு. பஸ்ஸுல போயிருக்காரு. வர பொழுதாவும்.

தாவீது: சரி, ஜாக்கி குடுத்துட்டேன். இரு, அடியில பூந்து பாக்கறேன்... அக்கா.

பூவம்மாள்: சொல்லு.

தாவீது: ரெண்டு சக்கரத்தையும் இழுக்கற இந்த டை ராடு வில்லாட்டம் வளைஞ்சிருக்குதே. எங்க இடிச்ச?

பூவம்மாள்: நான் எங்க இடிச்சேன்? திருப்புட்குழி வளைவுல மைல்கல்லுதான் கொஞ்சம் ரோட்டுப் பக்கமா நட்டிருக்கான்...

தாவீது: கல்லு வந்து உன்னை இடிச்சிச்சி.

பூவம்மாள்: அப்பிடித்தான் வெச்சிக்கயேன்.

தாவீது: இத்த நிமுத்தி பிரயோசனமில்ல. பெரிய வண்டியோட ராடு ஒண்ணு இருக்குது, கட்டை வெரல் தடிமன். லேத்துல குடுத்து அளவுக்கு வெட்டி மரை போட்டா, மைல்கல்லு இல்ல, மதிலே வந்து இடிச்சாலும் வளையாது.

பூவம்மாள்: போடு.

தாவீது: ரெண்டு முனையிலயும் பால் ஜாயிண்ட் புதுசு. நடுவுல புஷ்ஷு தேஞ்சி போயிருக்குது, அங்க பேரிங் ஏத்திடறேன். அதுக்கப்பறம் முன்சக்கரத்துல ஆட்டமும் இருக்காது, கனமும் இருக்காது... ஏக்கா, இது இன்னா?

பூவம்மாள்: எது?

தாவீது: பழைய ஜாயிண்ட்டக் கழட்டினா உள்ளேருந்து நூலு வருது. இழுக்க இழுக்க வந்துக்கினே இருக்குது... அரக்கு கலர்ல. பட்டு நூலா?

பூவம்மாள்: பக்கத்து ஊட்டு மங்கையர்க்கரசி தறியில மிஞ்சின நூலுபா.

தாவீது: அது எப்பிடி ஜீப்புக்குள்ள பூந்துது?

பூவம்மாள்: சக்கரம் லொடலொடன்னு ஆடிச்சி. சந்துல எத்தயாச்சும் அடைச்சா நிக்கும்னு தோணிச்சி. துணி நைஞ்சிடும், சணலு அறுந்துடும், பட்டு அறுவாதே. கிரீசுல தோச்சி, நல்லா இறுக்கி சுத்தி...

தாவீது: நீயே அடியில படுத்தா?

பூவம்மாள்: பின்ன, மங்கையர்க்கரசியா வந்து படுப்பா? ஏன், ஆட்டம் நின்னுபோச்சே.

தாவீது: நிக்காம? காஞ்சிபுரத்துல பட்ட எதுக்கெதுக்கோ யூஸ் பண்ணிப் பாத்திருக்கேன். ஜீப்புக்கு ஜாக்கெட்டு தெச்சவ நீ ஒருத்திதான். கிரீசு காஞ்சி, நூலு இறுகி, கல்லாட்டம் ஆயிருக்குது பாரு. ஜாயிண்ட்டுக்குள்ள பந்து அசையவே இடமில்ல. ஸ்டேரிங் கனமானதுக்குக் காரணமே இதான்.

பூவம்மாள்: ...இதாலயா?

தாவீது: இதாலதான்.

பூவம்மாள்: அப்ப... அவரு கை நல்லாத்தான் இருந்துச்சா? நான்தான் நூலை அடைச்சி அவரை ஓட்ட உடாம பண்ணிட்டனா? அடக் கடவுளே, நான் பாட்டுக்கு புத்தூர்காரரைத் திட்டிக்கினு இருந்தேனே.

தாவீது: கலங்காதக்கா. எடுத்தாச்சில்ல. இந்த கனத்தையும் வெச்சிக்கினா நீ இத்தினி நாள் ஓட்டின?

பூவம்மாள்: எனக்கு கனமாவே தெரியல.

தாவீது: அதான் கேக்கறேன். நெஞ்சத் தொட்டு சொல்லு, அண்ணன் கையில சாவியக் குடுத்துட்டு சொம்மா இருந்துடுவியா?

பூவம்மாள்: ...அத்த எதுக்கு இப்ப கேக்கற? ராட மாட்டு.

தாவீது: மாட்டறேன். நீ வேணா பஜார் பக்கம் போயி காபி குடிச்சிட்டு வா, லேத்து வேலை இருக்குது.

பூவம்மாள்: நான் எங்கயும் போவல. நீ மாட்டறதப் பாத்துக்கினே இருக்கேன்.

தாவீது: பாரு, பாரு. அடுத்த தடவை நீயே மாட்டிக்குவ... இரு, லேத்துக்குப் போயிட்டு வரேன்... வந்துட்டேன்கா, லேத்துக்காரன் சீக்கிரம் குடுத்துட்டான், உனக்கு நல்ல நேரம். அந்தப் பதினாறு நம்பர் ஸ்பேனர எடு... ஆங். இப்ப ஏறி ஸ்டேரிங்க சுத்திப் பாரு.

பூவம்மாள்: ஆத்தாடி. ஒத்த வெரல்ல சுத்துதுபா.

தாவீது: ஜாக்கி மேல நிக்குது, அதான் ஒத்த வெரலு. எறக்கி ஓட்டினா ரெண்டு வெரலு வேணும்.

பூவம்மாள்: சரி, கொஞ்சம் சேறு கொழைச்சிக்கினு வா.

தாவீது: சேறா?

பூவம்மாள்: புது ராடு பளபளன்னு மின்னினா குனிஞ்சி பாத்துடுவாரு. மேல பூசு.

தாவீது: இத்தினி வருசமா தொழில் பண்றேன். சேத்தக் கழுவித்தான் பழக்கம், பூசிப் பழக்கமில்ல... இந்தா, பூசிட்டேன், மனசார இல்ல. ஜாக்கியும் எறக்கியாச்சு. எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு வரேன், சக்கரத்துல வெச்சி நசுக்கிட்டு வெளிய எடு.

பூவம்மாள்: அதுவும் வேணாம், சக்கரத்துல வாசனை அடிக்கும். அதுசரி, நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன். உனக்கெதுக்கு எலுமிச்சம்பழம்?

தாவீது: ஞாயித்துக்கெழமை நான் வேதக்காரன். ஷெட்டுல இருக்கற நாள்ல எலுமிச்சம்பழம் இல்லாம எந்த வண்டியும்... அக்கா. வாசல்ல யாரு வராங்க பாரு.

பூவம்மாள்: ஐயோ, அவரு.

ஆதிகேசவன்: இன்னாமே, நம்ம ஜீப்பு இங்க நிக்குது? பஸ்ஸுல வந்துக்கினே பாத்தேன். கண்டக்டரக் கெஞ்சி எறங்கிட்டேன்.

பூவம்மாள்: சொம்மாதான்... காத்து புடிக்க வந்தேன்.

ஆதிகேசவன்: காத்து புடிச்ச கையில இவ்ளோ கிரீசு எப்பிடி?

பூவம்மாள்: அத்த உடுங்க. எனக்குக் காலு சுளுக்கிக்கினுது. ஊர் வரைக்கும் நீங்கதான் ஓட்டணும். ஏறுங்க, ஷெட்டச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

ஆதிகேசவன்: கை முடியாதேமே...

பூவம்மாள்: முடியும். இன்னிக்கு முடியும். எனக்குன்னு ஒரு தபா ஓட்டுங்க.

ஆதிகேசவன்: சரி, சொல்றியேன்னு ஏறறேன்... ம்ம்... ம்ஹூம். முடியலமே. இழுக்குது.

தாவீது: இன்னாது, இழுக்குதா?

ஆதிகேசவன்: ஆமாபா. முன்னயவிட கனமா இருக்குது.

தாவீது: அண்ணா, எத்த வேணா சொல்லு, இத்த சொல்லாத. பெரிய வண்டி ராடு போட்டு, பால் ஜாயிண்ட் மாத்தி, பேரிங் ஏத்தி, பச்சக் கொழந்தை ஓட்டற மாதிரி பண்ணி வெச்சிருக்கேன். அது கனமா?

பூவம்மாள்: தாவீது, வாய மூடு...

தாவீது: எங்கக்கா மூடறது? என் தொழிலு போவுது. உன் கைக்கு பலம் வந்துடுச்சின்னு நீ நம்பணும்னு அக்காதான் இத்தினியும் செய்யச் சொல்லிச்சி. மேல சேறு வேற பூச வெச்சிச்சி. அண்ணா, நீ பஸ்ஸுலேருந்து எறக்கிக்கினு வந்தியே, வாசல்ல ஒரு அரிசி மூட்டை, அத்த எந்தக் கையால தூக்கியாந்த?

பூவம்மாள்: ஏங்க. எடது தோளெல்லாம் தவிடு ஒட்டிக்கினு இருக்குது. அவ்ளோ பெரிய மூட்டை தூக்கற கைக்கு ஸ்டேரிங் கனமா? சொல்லுங்க. நீங்க வாய தெறக்கலன்னா நான் இந்த எடத்த உட்டு நவுர மாட்டேன்.

ஆதிகேசவன்: கை பொங்கலுக்கு முன்னியே சரியாயிடுச்சி, பூவு. ஏரிக்கரை மேல மொத மொத நீ மூணாவது கியர் போட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்ச. உன்னைக் கட்டிக்கினு வந்ததுலேருந்து நீ அப்பிடி சிரிச்சி நான் பாத்ததில்ல. கை நல்லாயிடுச்சின்னு சொன்னா, மறுநாளே சாவிய என் கையில குடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போயிடுவன்னு எனக்குத் தெரியாதா? டீக்கடையில கேக்கறவனுக்கு இன்னா, கேட்டுக்கினே கெடப்பான். நாளைக்கும் நீதான் ஓட்டற, நான் பக்கத்துலதான் உக்காருவேன். நவுந்துட்டேன், ஏறு.