மேட்டில் விழும் மழைக்கு யார் பொறுப்பு?

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் பெரியவர் ஆறுமுகசாமி அவர்களே! அவருக்கு இருமருங்கும் வீற்றிருக்கும் ஆன்றோர்களே! நாற்று நட்ட கையோடு, கால் சேறு காயும் முன்னே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் அன்னையர்களே! இடமிருந்தும் உட்கார மாட்டோம் என்று வேலியோரம் நிற்கும் காளையர்களே! உங்கள் அனைவருக்கும் பீர்மேட்டு மலையின் பனி தோய்ந்த வணக்கம்!

என் பெயர் ஏசுரத்தினம். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. எங்கள் பஞ்சாயத்தில் ஓர் உறுப்பினன். மேட்டு நிலத்தைத் திருத்திக் களமும் கட்டடமும் எழுப்புகிறவர், அங்கே விழும் மழைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று உங்கள் நல்லேப்பிள்ளியில் ஒரு விதி வகுக்கலாமா என யோசிக்கிறீர்கள். அப்படியொரு விதி எங்கள் மலையில் பிறந்த கதையைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

தோழர்களே! எங்கள் ஊரில் எதற்கும் குறைவில்லை. மலை உண்டு, மஞ்சு உண்டு, மழை உண்டு. சமதரை மட்டும் கிடையாது! பந்து ஒன்றை உதைத்தால் அது பள்ளத்தாக்குக்குப் போய்விடும்; எடுத்து வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். சிரிக்கிறீர்கள், நாங்கள் அன்று அழுதோம்! அதனால், குன்றின் தலையை நிரவி ஓர் ஆட்டக்களம் அமைக்கத் துணிந்தோம். முன்னின்றவர் அமிர்தநாதன்; தோட்டத்து சூப்பர்வைசர், பஞ்சாயத்திலும் உறுப்பினர். ஞாயிறுதோறும் ஆணும் பெண்ணும் கூடினோம். புதரை வெட்டினோம், புல்லைச் செதுக்கினோம், மண்ணைச் சுமந்தோம். களம் பிறந்தது! கம்பளம் விரித்தாற்போல் கிடந்த அந்தச் சமதரையைக் கண்டு நாங்கள் கைகூப்பி நின்றோம்.

பிறகு மழை வந்தது. புல் இருந்தவரை சொட்டுச் சொட்டாய் மண்ணுக்குள் போன மழை, புல் போனபின் எங்கே போகும்? களத்தில் விழுந்த துளியெல்லாம் கைகோத்தன, ஓடையாயின, ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தன! கீழே என்ன இருக்கிறது? லயம்! வரிசை வரிசையாய் நாங்கள் குடியிருக்கும் வீடுகள். அதில் செபமாலையம்மாள் வீட்டுப் பின்சுவர் சரிந்தது. அந்த அம்மாள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். உள்ளே இருந்தவர் அவர் கணவர் சகாயம்; மரம் விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடப்பவர். அலறல் கேட்டு ஓடினோம். கட்டிலைச் சுற்றிச் சேறு. சேற்றுக்கு மேலே அவர் முகம். தூக்கி வந்து மடியில் கிடத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்தோமே... அந்த நொடியை நான் எந்தச் சொல்லில் சொல்வேன்?

உயிர் பிழைத்தார். மறுநாள் செபமாலையம்மாள் அமிர்தநாதனைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது இதுதான்:

"அண்ணாச்சி, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. அந்தக் கிரவுண்டுக்கு நானுந்தான் மண்ணு சொமந்தேன். நான் சொமந்த மண்ணுதான் இப்ப என் வீட்டுக்குள்ள கெடக்கு."

அமிர்தநாதன் தலை நிமிரவில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானத்தோடு எழுந்தார். நிலத்தை நிரவினாலும், கூரை வேய்ந்தாலும், கல் பரப்பினாலும், அங்கே விழும் மழையை அங்கேயே தேக்க வேண்டும்; புல்வெளி விட்ட அதே நிதானத்தில்தான் கீழே விடவேண்டும்; இல்லையேல் அனுமதி இல்லை! புதுக்கடை கட்டவிருந்த மத்தியாஸ் என்ற உறுப்பினர் சிரித்தார்: "என்னவே, மழைக்கும் பிரேக்கு போடப் போறீரா?"

அமிர்தநாதன் சொன்னார்: "மழைக்குப் போட நம்மால முடியாதுவே. நம்ம மம்பட்டிக்குப் போடலாம்லா?"

விதி நிறைவேறியது. எதன் மீது முதலில் பாய்ந்தது தெரியுமா? எங்கள் களத்தின் மீதே!

என்னங்க ஐயா, பின்னாலிருந்து? "ஏனுங்க, அது மலைங்க. எங்களுது சமவெளிதானுங்களே?" என்கிறார். நல்ல கேள்வி! ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் ஒரு சாண் இறக்கம் இல்லாமலா நீங்கள் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்? அந்த ஒரு சாண் நம் கண்ணுக்குத் தப்பலாம், தண்ணீருக்குத் தப்புமா? அதோ, ஓர் அம்மா எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கம்மா! "புதுசா மில்லுக்குக் களம் போட்டாங்களுங்க. போன மழைக்கு அந்தத் தண்ணி எங்க நாத்தங்கால அடிச்சுட்டுப் போயிருச்சுங்க." கேட்டீர்களா? இந்த அம்மா பேசியபின் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

கதைக்கு வருகிறேன். மழையைத் தேக்கக் குளம் வேண்டும். குளத்துக்கு இடம்? களத்தின் தாழ்ந்த முனை. கோல் கம்பம் நட்ட முனை! இளைஞர்கள் கொதித்தார்கள். ஆட்டக் குழுத் தலைவன் செல்லத்துரை கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். "இதப் புடுங்கணும்னா என்னையும் சேத்துப் புடுங்குங்க!" என்றான். மண்வெட்டிகள் நின்றன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செபமாலையம்மாள் வந்தார்.

"தம்பி, நீ வெளையாட வேண்டாம்னு நான் சொல்லுவனா? ஒங்க பந்து என் கூரையில விழுந்தா எடுத்துக் குடுப்பேன். ஒங்க தண்ணி விழுந்தா, அத நான் எங்கய்யா எடுத்துக் குடுக்க?"

செல்லத்துரை அந்த அம்மாளையே பார்த்தான். பிறகு கீழே, லயத்தைப் பார்த்தான். கம்பத்தின் அடியில் மண்ணை அவனே தோண்டத் தொடங்கினான்! அண்ணன்மார்களே, வீரம் என்ற சொல்லுக்கு அன்றுதான் நான் பொருள் கண்டேன். களம் பாதியானது, குளம் பிறந்தது. குளத்தின் வாயிலிருந்து லயத்தைத் தாண்டும் வரை கல்லால் படிபடியாய் ஒரு வாய்க்கால். அதன் இரு கரையிலும் புல் பதித்தோம்.

அடுத்த மழைக்காலம் வந்தது. வானம் கறுத்தது. மலை மறைந்தது. பிறகு பெய்தது பாருங்கள்! ஊரே மேலே ஏறியது. குடை பிடித்தவர் சிலர். சாக்கைத் தலையில் கவிழ்த்தவர் பலர். குளம் நிறைந்தது, தளும்பியது. எங்கள் நெஞ்சும் தளும்பியது. உடையுமா? உருளுமா? மறுபடியும் வீட்டை அழிக்குமா? இல்லை! கல்வாயில் தலைநீட்டிய தண்ணீர், முதல் படியில் இறங்கியது, புல்லைத் தொட்டது, அடுத்த படியில் இறங்கியது. ஆயிரம் குதிரையாய் அன்று பாய்ந்த அதே தண்ணீர், அம்மா கைப்பிடித்த குழந்தையாய் இறங்கிப் போனது! மத்தியாஸ் குடையை மடக்கிவிட்டார், நனைந்துகொண்டே நின்றார்.

செபமாலையம்மாள் வீட்டுக்கு ஓடினேன். தரை காய்ந்திருந்தது. கூரைத் தகரம் அதிரும் அந்தப் பேரிரைச்சலில், சகாயம் கட்டிலில் கிடந்தபடி பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கேட்டார்: "ஏட்டி, மேல உள்ள தண்ணி இன்னும் வரலியா?"

அந்த அம்மாள் பின்கதவைத் திறந்து காட்டினார். "வந்துக்கிட்டுத்தான் இருக்கு. பாரும்."

அவர் பார்த்தார். வாய்க்காலில் தெளிந்து போகும் நீரைப் பார்த்துக்கொண்டே இரு கைகளையும் மெல்ல மார்பின்மேல் குவித்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்; உங்கள் கைகள்தான் உயர வேண்டும். மலையிலிருந்து வந்த ஒருவனின் பேச்சை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன். அழைத்த பஞ்சாயத்துக்கும், எழுந்து நின்று உண்மை சொன்ன அம்மாவுக்கும் என் நன்றி. உங்கள் வயல் விளையட்டும், உங்கள் வாசல் உலர்ந்திருக்கட்டும். வணக்கம்!