எனக்கெல்லாம் மனசு வராது

அந்தக் கதவு இல்லம்மா, இதுதான். பேரு பதிஞ்சாச்சுல்ல, அப்போ உக்காரு, கூப்பிடுவாங்க. இல்ல, நான் காட்ட வரல. என் ஓரகத்தி மேல மாடியில டயாலிசிஸ்ல இருக்கா. கொழுந்தன் பொண்டாட்டி. வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம். அவளைப் படுக்க வெச்சதும் நான் கீழ வந்துடுவேன்.

தனியாவா வந்திருக்க? சரி சரி, துருவிக் கேக்கல. அந்தச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழிச்சுடாத, உள்ள கேப்பாங்க. பிபியா? எத்தனை மாசம், ரெண்டா? கலைச்சுடணும்னு பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன யோசனை. ஓ, மாமியார் வேண்டாங்கிறாங்களா.

என் ஓரகத்தியும் இப்படித்தான் ஒரு சீட்டோட வீட்ல வந்து நின்னா. மூணு வருஷம் ஆச்சு. அவளுக்கு முன்னாடியே கிட்னியில கோளாறு. ரெண்டாம் மாசத்துலயே டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க, இதைச் சுமந்தா கிட்னி தாங்காது, இப்பவே மாத்திரையில முடிச்சுக்கலாம், தள்ளிப்போடாதன்னு. வீட்ல சொன்னா, எங்க மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாங்க. கொழுந்தன் செவுத்தைப் பாத்தான். அம்மா பேசினா அவன் எப்பவும் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் என்கிட்ட வந்தா. நான் தையல் வேலை பாக்குறவ. அப்போ பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர், கழுத்து வரைக்கும் துணி. அந்தத் துணிக்கு நடுவுல ஒண்டிக்கிட்டு உக்காந்து கேட்டா, அக்கா, உங்களுக்கு இப்படி வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு. நான் மெஷினை நிறுத்தல. காலு பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. அடுப்படியில பாத்திரம் விளக்குற சத்தம் நின்னு போச்சு. மாமியார் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு தெரியும் எனக்கு. சொன்னேன், எனக்கெல்லாம் மனசு வராதும்மா, நம்ம வீட்ல யாரும் அப்படிச் செஞ்சதில்லன்னு.

அவ்வளவுதான் சொன்னேன். தலையாட்டிட்டு, கீழ கிடந்த வெட்டுத்துணியெல்லாம் பொறுக்கி வெச்சுட்டுப் போனா. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டா.

அப்புறமாவது தனியாக் கூப்பிட்டு, நான் சொன்னதைக் காதுல வாங்காத, போய் முடிச்சுட்டு வான்னு சொல்லியிருக்கலாம். துணி காயப் போடும்போது சொல்லலாம், கடைக்குப் போகும்போது சொல்லலாம்னு நாளைக் கடத்தினேன். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பிச்சுடுச்சு.

ஆறாம் மாசம் முகம் வீங்கி, கண்ணு மங்கி, தூக்கிட்டு ஓடி வந்தோம். குழந்தை தங்கல. கிட்னியும் போச்சு. உயிர் பிழைச்சதே பெரிசுன்னாங்க.

அழாதம்மா. உன்னைப் பயமுறுத்தச் சொல்லல. நீதான் சரியான நேரத்துக்கு வந்துட்டியே.

அவ என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. நர்சுங்ககிட்ட எல்லாம் பெருமையா பேசுறா, கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா, எங்க அக்கா ஒரு நாள் விடாம கூட வர்றாங்கன்னு. அதைக் கேக்கும்போது தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்னு வெளிய வந்துடுவேன்.

வலியா? முதல் மாத்திரையில ஒண்ணும் தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் விட்டு அடுத்தது குடுப்பாங்க. அப்போதான் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், ரத்தம் நல்லாப் போகும். பிபி இருக்கிறதால உன்னை இங்கயே வெச்சுப் பாத்துப்பாங்க. சுடுதண்ணிப் பை கேளு, குடுப்பாங்க. ஜன்னலோரக் கட்டில் கிடைச்சா விடாத, காத்து வரும். ஒரு நாள் கஷ்டம்தான், அப்புறம் எந்திரிச்சு நடந்துடுவ.

இதெல்லாம் என் ஓரகத்தி சொன்னாளான்னா கேக்குற? அவ எங்கம்மா சொல்லுவா, அவதான் உள்ள காலே வைக்கலையே.

நான்தான் படுத்திருந்தேன். எனக்கு ஹார்ட்ல வால்வு சுருங்கியிருக்கு. ரெண்டாவது உண்டானப்போ தாங்காதுன்னுட்டாங்க. நானும் வீட்டுக்காரருமா வந்து முடிச்சுக்கிட்டு, வீட்ல தானா கலைஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டோம். மாமியார்தான் பத்து நாள் குளிக்க வெந்நி வெச்சுக் குடுத்தாங்க, பாவம். அவ கல்யாணமாகி வர்றதுக்கு முந்தின வருஷம் அது. அவளுக்கு இன்னும் தெரியாது.