கிழக்க ஓடுற தண்ணி

— மீசைய எங்க காணோம்? முள்ளு முள்ளா இருக்கு!

— வந்ததும் வராததுமா இதான் கேள்வியா? அடிவாரத்து முந்தல்ல இருந்து மலை ஏறி வந்திருக்க. மொதல்ல மூச்சு வாங்கு புள்ள. உக்காரு.

— உக்காந்துட்டேன். மீசை எங்க? மலையாளத்து ராசா சீமையில மீசைக்கு வரி போட்டுட்டாங்களா?

— போட்டாலும் போடுவாங்க... அது இல்ல கருத்தம்மா. போடிப் போலீசு வேசம் மாத்தி மேல வந்து விசாரிச்சுட்டுப் போனானாம். 'பெரிய மீசை வச்ச ஆளு, சிலமலைச் சோணை, பாத்தீங்களா'ன்னு. அதான் எடுத்துட்டேன்.

— ஒரு பாரஸ்டு கார்டு விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டதுக்கு இம்புட்டுத் தேட்டமா! நம்ம ஆட்டைப் பிடிச்சு இழுத்தது அவன்...

— தள்ளி விட்டது நான். காட்டுக்கு எல்லை போட்டிருக்குன்னு ஆட்டுக்குத் தெரியுமா, சொல்லு. விடு, பழைய கதை. என்ன கொண்டாந்த?

— கேப்பைக்களி, துவையலு. இருங்க இருங்க, கைய நீட்டாதீங்க. எல்லைக் கல்லைத் தாண்டி நானே நீட்டுறேன்.

— கை கூடவா தாண்டக் கூடாது?

— கை தாண்டுனா கைய மட்டுமா பிடிப்பான்? வாரண்டு ஒங்க பேருல இருக்கு. கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும்தான் நீங்க எனக்கு.

— சரி தாயி. கொஞ்சம் வெள்ளம் குடு.

— என்னது?

— வெள்ளம்... அட, தண்ணி. தண்ணி குடு.

— அடேயப்பா! நம்ம ஊருல கண்மாய் ஒடைஞ்சாத்தான் வெள்ளம். ஒங்களுக்கு ஒரு செம்பே வெள்ளமா? எவ சொல்லிக் குடுத்தா?

— எவளும் இல்ல. ஏலத்தோட்டத்துல சுத்தி இருக்கிற அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்றாங்க. நாக்கு பழகிருச்சு. என்னை அங்க பேரு சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல, புள்ள. 'ஏ பாண்டி'ம்பாங்க. அம்புட்டுத்தான்.

— இங்க ஊருல 'மலையாளத்தான் பொண்டாட்டி'ன்னு என்னைக் கேலி பேசுறாங்க.

— அங்க பாண்டி, இங்க மலையாளத்தான். அப்ப நான் எந்த நாட்டுக்காரன்? நீயே சொல்லு.

— நீங்க எம்புருசன். அதுக்கு நடுவுல எவனும் கல்லு நட முடியாது.

— நட்டுட்டானே... இந்தா, நடுவுலதான உக்காந்திருக்கு. அங்க ஆவணியிலதான் வருசம் பொறக்குமாம், தெரியுமா?

— அப்ப நம்ம சித்திரைய என்ன பண்ணுனாங்க?

— கல்லுக்கு அந்தப் பக்கமே விட்டுட்டாங்க போல. நேத்து கூட மூட்டை மூட்டையா ஏலக்காய் கீழ எறங்குச்சு. சுங்கச் சவுக்கையில தீர்வையக் கட்டுனா மூட்டைக்கு வழி விட்டுர்றான். பாத்துக்கிட்டே நின்னேன். எனக்குத் தீர்வை கட்டி எறக்கி விட ஒரு ஆளு இல்லயேன்னு இருந்துச்சு.

— இப்படியெல்லாம் பேசாதீங்க. களியத் தின்னுங்க.

— ஆத்தா எப்படி இருக்கு?

— இருக்கு... அத்தைக்கு என்ன. துவையலு ஒறைக்குதா?

— இன்னும் படுத்த படுக்கைதானா?

— இப்ப வலி ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்குது.

— கஞ்சி குடிக்குதா?

— குடிக்கும் குடிக்கும். கரைச்சுக் குடுத்தா குடிக்கும்.

— நீ கெளம்பும்போது என்ன சொல்லுச்சு?

— என்னத்தச் சொல்லும்... எப்பவும் கேக்குறதுதான். 'எஞ் சோணை வந்துட்டானா'ன்னு.

— இன்னொரு தடவை சொல்லு.

— எதை?

— அது கேட்டதை. அது கேக்குற மாதிரியே சொல்லு.

— ... 'எஞ் சோணை வந்துட்டானாடி, கருத்த?'

— ம்... அப்படியே அதோட கொரலு.

— இந்தாங்க, நல்லெண்ணெய். அத்தைதான் குடுத்து விட்டுச்சு. 'மலைக்குளிருல மண்டை காஞ்சு கெடப்பான், உச்சியில வச்சு நல்லாத் தேச்சு விடு'ன்னு சொல்லுச்சு. தலைப்பாவை அவுங்க.

— வேணாம் வேணாம். வச்சுட்டுப் போ. நான் தேச்சுக்குறேன்.

— கல்லு மேல கொஞ்சம் குனிஞ்சா நானே தேச்சு விட்டுருவேன்ல?

— குளிரு, புள்ள. அட்டை வேற மரத்துல இருந்து சொத்து சொத்துன்னு விழுது. தலைப்பா இருந்தாத்தான் தோது.

— என்கிட்ட என்ன வெக்கம்? ஒங்க தலையத் தொட்டு எம்புட்டு நாளாச்சு! தூக்கத்துல கைய நீட்டுனா வெறும் பாய்தான் தட்டுப்படுது. முழிச்சுக்கிட்டு உக்காந்து அழுவேன். இங்க வந்தா மட்டும் சிரிக்கிறேன்.

— எனக்கு மட்டும் அங்க என்ன வாழுது? படுத்தா ஓலைக் கூரைதான். மழை பெஞ்சா, நீ வாசல்ல காயப் போட்ட மொளகாய எடுத்தியா இல்லையான்னு நெனப்பு ஓடும். அங்க மழை பெஞ்சா இங்க வெயிலு காயும்னு தெரியும். இருந்தாலும் ஓடும்.

— அப்ப தலையக் குடுங்க.

— சுத்திச் சுத்தித் தலைக்கே வர்றியே!

— சரி, வேற கேக்குறேன். இந்தக் கல்லு முன்னால மேல, அந்த நெல்லிமரத்துக்கிட்டல்ல இருந்துச்சு? இங்க எப்படி வந்துச்சு?

— கல்லுக்குக் காலு மொளைச்சிருக்கும்.

— வெளையாடாதீங்க. வெரசா வந்துட்டமேன்னு அப்பவே நெனச்சேன்.

— மழையில மண்ணு சரிஞ்சிருக்கும்.

— கல்லு சரியும், சரி. அதைச் சுத்தி அடுக்கியிருக்கிற சின்னக் கல்லெல்லாம் கூடவே வந்து, அடுக்குக் கலையாம உக்காந்துக்கிருமாக்கும்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— நான்தான் உருட்டுனேன்.

— அய்யோ... எல்லைக் கல்லையா!

— எல்லையத் தாண்டாதீங்கன்னு நீதான சொன்ன? தாண்டல. தள்ளி வச்சுக்கிட்டேன்.

— சிரிக்காதீங்க. எதுக்கு இந்த வேலை?

— நெல்லிமரத்துக்கிட்ட நின்னா மேடு மறைக்குது, புள்ள. இங்க இருந்து பாரு. அந்தா, பளபளன்னு கெடக்குதுல்ல, நம்ம கண்மாய். அதுக்கு வடக்க, ஊருக்கு ஒதுக்கமா ஒத்தப்பனை. அதுக்குக் கீழதான நம்ம வீடு. சாயங்காலம் வேலை விட்டதும் ஓடியாந்து இங்கதான் உக்காருவேன். பனைக்குக் கீழ பொகை எந்திரிக்கும். 'அடுப்புப் பத்த வச்சுட்டா'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிருவேன். அப்புறம்தான் போயி என் கஞ்சிய வைப்பேன்.

— பைத்தியம்... பைத்தியம்... நீங்க இப்படி உக்காந்திருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா பச்ச வெறகாப் போட்டு ஊதியிருப்பேனே. அய்ய, செம்பு சாஞ்சு தண்ணியெல்லாம் கொட்டிருச்சு.

— கெடக்கட்டும். ஊத்து பக்கத்துலதான் இருக்கு.

— இல்ல, இருங்க. பாருங்க, ஒங்க காலடியில கொட்டுன தண்ணி எங்குட்டு ஓடுது?

— கிழக்க.

— 'கிழக்க ஓடுற தண்ணி வெள்ளைக்காரனுக்கு, மேக்க ஓடுற தண்ணி ராசாவுக்கு, அதான் எல்லைக் கணக்கு'ன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப நீங்க உக்காந்திருக்கிற எடம்...

— வெள்ளைக்காரன் சீமை. தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க! அளவுச் சங்கிலிக்காரங்க போடியில கூடாரம் அடிச்சிருக்காங்க. கல்லைச் சரி பாக்க மலைக்கு வர்றாங்களாம், போலீசையும் கூட்டிக்கிட்டு. நெல்லிமரத்துக்கு அங்குட்டுப் போங்க, நல்லா இருப்பீங்க.

— வரட்டும். அதுக்கு முன்னால நான் ஒரு நடை ஊருக்கு வந்துட்டுப் போயிர்றேன்.

— ஊருக்கா? எதுக்கு?

— ஆத்தாவுக்கு என் கையால ஒரு கை தண்ணி ஊத்தணும்.

— நான் ஊத்துறேன்! நான் ஊத்திக்கிட்டுத்தான இருக்கேன்? நீங்க வராதீங்க.

— ஒரே ஒரு கை, புள்ள. ஊத்திட்டு விடியுமுன்ன மேல ஏறிர்றேன்.

— வேணாம்னு சொல்றேன்ல! போலீசு அங்கயேதான் கெடக்கான்.

— எங்க, வீட்டு வாசல்லயா?

— இல்ல, ஓடைக்கரையில.

— ஓடைக்கரையிலயா? சுடுகாட்டுல அவனுக்கு என்ன சோலி? சொல்லு, கருத்தம்மா.

— ஆத்தா செத்தா மகன் கொள்ளி வைக்க வருவான்னு காத்துக்கிட்டு இருந்தான். போதுமா? பாடை வரும்போது கூட்டத்துல ஒவ்வொரு மூஞ்சியா உத்து உத்துப் பாத்தான். ஒங்க சித்தப்பன் மகன் கன்னையன்தான் கொள்ளி வச்சான். 'எம்மகனுக்குச் சொல்லாத, சொன்னா எறங்கி வந்துருவான், பிடிச்சிருவாங்க'ன்னு அத்தை என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. கருமாதியும் முடிஞ்சு போச்சு. அந்த எண்ணெய் போடிக் கடையில நான் வாங்குனது. நான் தூக்கியாந்த இந்தத் துணி மூட்டையில இருக்கிறது அம்புட்டும் என் சேலை. வீட்டைப் பூட்டிச் சாவிய கன்னையன்கிட்ட குடுத்துட்டேன். இனிமே அங்க எனக்கு யாரு இருக்கா? வையிங்க, ரெண்டு அடி கூட அடிங்க... கீழ மட்டும் போகாதீங்க. போயி யாரைப் பாக்கப் போறீங்க?

— அழாத புள்ள. இந்தப் பக்கம் வா... வந்து உக்காரு. அன்னைக்குப் பனைக்குக் கீழ நம்ம அடுப்புப் பொகை வரல. பொழுது சாயப் போறப்ப ஓடைக்கரையில எந்திரிச்சுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் நீ 'கஞ்சி குடிக்கும்'னு சொல்லச் சொல்ல, கல்லுக்கு அந்தப் பக்கம் ஆத்தா உசுரோட இருக்கிற மாதிரியே இருந்துச்சு. அதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். தலைப்பாவை அவுக்கச் சொன்னேல்ல... இந்தா, பாத்துக்க. இதே எடத்துல நின்னு, அந்தப் பொகையப் பாத்துக்கிட்டேதான் மொட்டை போட்டேன், மீசையும் எடுத்தேன். அந்த மசுரை ராசா தண்ணியில விட மனசு வரல, புள்ள. கிழக்க ஓடுற இந்தத் தண்ணியிலதான் விட்டேன்... நம்ம கண்மாய்க்கு வந்து சேந்துச்சா?