ஷரீபாவின் காதும் என் கையும்

"நான் ஏத்தல மாமி, அல்லா மேல ஆணையா ரெண்டுலதான் வச்சேன்!" என்று ஷஹானா கத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜின்னு, பேயா வந்து ஏத்துச்சு? மண்டைக்குள்ள ரைஸ் மில்லு ஓடுதுடி எனக்கு!" என்று அவள் மாமியார் ஷரீபா அதைவிடக் கத்தினாள்.

நான் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். இஞ்சி கொஞ்சம் தூக்கல். சண்டை நடக்கும் வீட்டில் அதையும் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஷரீபா எனக்குப் பக்கத்து வீடு. வெகுநாளாக அவள் காதுக்குள் ஓயாத இரைச்சல். குக்கர் விசில் அடங்காமல் நிற்கிற மாதிரி என்பாள். வெளியே ஏதாவது சத்தம் இருந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் அமுங்கும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் "ரமீஜா, வந்து எதையாவது பேசு" என்று சுவரைத் தட்டிக் கூப்பிடுவாள். லெப்பைக்குடிக்காட்டில் என்னை வாயை மூடச் சொல்லாத ஒரே வீடு அது. யார் வீட்டுக்குத் துபாயிலிருந்து பெட்டி வந்தது, யார் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் பிரியாணியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள், எல்லாம் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். என் பேச்சுதான் மருந்து என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பிறகு பெரம்பலூரில் ஒரு டாக்டர் அவளுக்குக் கருவி ஒன்றைக் கொடுத்தார். காதைச் சுற்றி ஒட்டுப் பட்டைகள், அதிலிருந்து சின்னப் பெட்டிக்கு ஒயர், உள்ளே மெல்லிய கரண்டு. எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்குமாம். பெட்டியிலுள்ள திருகு இரண்டில் நிற்க வேண்டும், மேலே போனால் இரைச்சல் கூடிவிடலாம் என்று ஷஹானாவிடம் சொல்லி அனுப்பினார். அவளும் தினமும் பட்டையை ஒட்டி, மாமியாரின் முக்காட்டை இழுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவாள். கெட்டிக்காரப் பெண். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

இரைச்சல் குறைந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஒருநாள் நான் பேச்சைத் தொடங்கும்போதே ஷரீபா கையைத் தூக்கினாள்.

"செத்த சும்மா இரு ரமீஜா. எவ்ளோ அமைதியா இருக்கு பாரு."

பார்த்தேன். அமைதியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பெட்டி முக்காட்டின் ஓரமாக, பாயில் என் பக்கம் கிடந்தது. அவள் கண் மூடியிருந்தது. முதலில் கொஞ்சமாகத்தான் திருப்பினேன். முகம் சுளித்தாள். "வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று தைரியம் சொன்னேன். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் கொஞ்சம். ஷஹானா வருவதற்குள் பழையபடி இரண்டில் வைத்துவிடுவேன். எதையும் இருந்தபடி வைக்கிற பழக்கம் எனக்கு. சண்டை நடந்த அன்றைக்கு டீ சீக்கிரம் வந்துவிட்டது. திருகு ஆறில் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். ஷரீபாவின் காதுக்குப் பின்னால் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

அவள் கணவர் சாகுல் ஹமீது என்னைப் பார்த்தார். "நீங்க கூடத்தானே இருந்தீங்க. யாரு கை பட்டுச்சு?"

"ஒட்டுறதும் எடுக்குறதும் உங்க மருமகதாங்க" என்றேன்.

இதில் ஒரு சொல் பொய் உண்டா? இந்தத் தெரு என் வாயைத்தான் சந்தேகப்படும். கையை யாரும் கவனித்ததில்லை.

மகன் முகமது அனஸ் துபாயிலிருந்து போன் போட்டான். அம்மா பேச்சையே கேட்டான். ஷஹானா அரியலூரில் தாய் வீட்டுக்குப் போனாள். ஜமாத்தில் பேசிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை, தலாக்கில் முடிந்தது. பிறகு அவள் செருப்புக்கடைக்காரர் ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டு குவைத் போய்விட்டாள். அனஸும் மறுமணம் செய்து சென்னையில் குடியேறினான். இரைச்சலை அமுக்க ஷரீபா நாளெல்லாம் அலறவிடும் டி.வி. தாங்காமல் சாகுல் ஹமீதும் மகனோடு போய்விட்டார். ஷரீபா அந்தக் கருவியைக் கிணற்றில் எறிந்துவிட்டாள். வேறு டாக்டரிடமும் போக மாட்டேன் என்கிறாள். இரைச்சல் முன்னைவிட அதிகம்.

இப்போதெல்லாம் காலையிலேயே சுவரைத் தட்டுகிறாள். எல்லோரும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அப்படிப் போக மனசு வராது.