பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்

வெந்நீர் பிளாஸ்க்கை விளிம்புவரை நிரப்பக் கூடாது, லூ டீச்சர். மூடி சரியாக இறுகாது, படியேறும்போது கையைச் சுட்டுவிடும். ருவோசிங்குக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் நம் கல்லூரி வெந்நீர்க் கூடத்திலிருந்து தினமும் சாயங்காலம் நான்தான் பிடித்துக்கொண்டு போய் அவள் விடுதி வாசலில் வைப்பேன். ஒரு வருஷமாக. உங்களிடம் வந்திருக்கும் அவள் புகாரில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? இருக்காது.

எல்லாம் முறைப்படி செய்தவன் நான். நாங்கள் பழக ஆரம்பித்த வாரமே அவளுடைய அறைத்தோழிகளுக்கு, மேஜையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடையில் விருந்து வைத்தேன். அதை வைக்காதவனை இங்கே எந்தப் பெண் காதலன் என்று மதிக்கிறாள்? அன்றிலிருந்து அவர்களில் ஒருத்தி, தாங் பெய், என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ருவோசிங் முறுக்கிக்கொண்ட நாட்களில், மேலே சன்னலில் நின்று தாங் பெய் அவளிடம் பேசுவது கீழே எனக்குக் கேட்கும்.

"ஏண்டி, அத்தான் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. எறங்கிப் போயேன். உனக்கு அவ்ளோ ராங்கியா? எங்களுக்கெல்லாம் இப்படி ஒருத்தன் கெடைக்கலியேன்னு இருக்கு."

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. மழை பெய்தது, நின்றேன்.

படிப்பு முடியும்வரை ஒன்றாகப் படுக்கும் பேச்சே வேண்டாம் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். சரி என்றேன். ஆனால் ஒரு மனிதன் எத்தனை காலம்தான் சரி சரி என்று தலையாட்டுவான்? கேட்டேன், மறுத்தாள். சாப்பிடாமல் கிடந்தேன், அழுதாள். என் மேல் அன்பில்லையா என்றால் இருக்கிறது என்பாள். அன்பும் இருக்கும், மறுப்பும் இருக்கும் என்றால் எரிச்சல் வருமா, வராதா?

மே தின விடுமுறையில் தியான்ஷூய் நகருக்குப் போனோம். குகைச் சிலைகளைப் பார்த்துவிட்டு அன்று மாலையே ரயிலில் திரும்புவதாகப் பேச்சு. அவள் மறதிக்காரி என்பதால் அவளுடைய அடையாள அட்டை என் பர்ஸில் இருந்தது. ரயில் ஏறவும் அதுதான் வேண்டும், அறை எடுக்கவும் அதுதான். நான் ஓட்டலில் அறை எடுத்தேன். நடந்து களைத்திருந்தாளே, கொஞ்சம் கால் நீட்டட்டும் என்றுதான்.

ஒரே கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஹன்சோ, என் கார்டக் குடு. நான் ரயிலுக்குப் போறேன்."

"காலைல தர்றேன். உள்ள வந்து உக்காரு."

"எனக்கு வேணாம்ப்பா. குடுத்துடு, ப்ளீஸ்."

நான் குரலை உயர்த்தவில்லை. நம் இருவர் பெயரும் கீழே ஓட்டல் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி நீ இருந்தாலும் போனாலும் ஒன்றுதான், வேண்டுமானால் உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவள் அம்மா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். போனைக் கையில் எடுத்தேன், அழைக்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றாள், மெதுவாக. எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. முடியும்வரை அவள் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது.

காலையில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாங்கி வந்தேன், அவளுக்குப் பிடித்த மாதிரி மிளகாய் எண்ணெய் குறைவாக. தொடவில்லை. ஊறிப்போய் வீணானது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். என் பர்ஸிலேயே இருக்கும் அட்டையைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுக்கக் காவல் நிலையம் போனாளாம். எங்கே தொலைத்தாய் என்று கேட்டதும் உடைந்து அழுதாளாம். அங்கிருந்துதான் விஷயம் உங்கள்வரை வந்திருக்கிறது. எதற்கு இந்த அலைச்சல்?

அட்டையை உங்கள் மேஜைமேல் வைக்கச் சொல்கிறீர்கள். மன்னியுங்கள், டீச்சர், அது என்னிடமே இருக்கட்டும். அவளை வரச் சொல்லுங்கள். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொடுத்துவிடுவேன். அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?