தண்ணீரை நீக்கிய வெள்ளப் படம்

“தண்ணி எங்கம்மா?” என்று கேட்டார், தாலுகா அலுவலக வரிசையில் பயிர் நிவாரண மனுவோடு எனக்கு முன்னால் நின்ற விவசாயி. கையில் மனுவோடு இணைக்க வேண்டிய போட்டோ. பக்கத்தில் பத்தாம் வகுப்பு வயதில் மகள். நான் பட்டா விஷயமாக மூன்று நகல்களோடு நின்றேன். இரண்டு கேட்பார்கள்; மூன்றாவது, அவர்கள் தொலைப்பதற்கு.

“எடிட் பண்ணி எடுத்துட்டேம்ப்பா. படத்தைக் கெடுக்கிறது எதுவா இருந்தாலும் நீக்கிடணும்னு போட்டோ கிளாஸ்ல மிஸ் சொன்னாங்க.”

“பயிரைக் கெடுத்ததே அந்தத் தண்ணிதான்! இதைப் பார்த்தா நிவாரணமா குடுப்பாங்க? நல்ல வெளைச்சல்னு கைதான் குடுப்பாங்க.”

வெள்ளப் படம் அழகாக இருக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லை. அப்படி ஒன்றுக்கு அவசியம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

“துபாய் சித்தப்பா சூப்பர்னு சொன்னாரு.”

“அவன் போன் அனுப்பினப்பவே நெனச்சேன். பழைய படம் எங்க?”

“அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்.”

“வயல்லயும் தண்ணி வடிஞ்சுபோச்சு. இனிமே எதைப் போயி எடுக்கிறது?” அவர் குரல் இறங்கிவிட்டது.

மகள் போனைத் திறந்தாள். “கவலைப்படாதீங்கப்பா. தண்ணிய திரும்ப வச்சுடறேன். அழகுக்கு ஓரமா ஒரு கொக்கும் நிறுத்திடறேன்.”

அவர் போனை எட்டிப் பார்த்தார்.

“தண்ணிய இருந்த அளவுக்கே வை. கொக்கு மட்டும் வேணாம்மா. அதோட காலை வச்சு அளந்து, தண்ணி ஒரு சாண்தான்னு எழுதிடுவாங்க.”