மாத்துறதுக்கு மெத்தட் இல்ல

இல்லங்க, கம்ப்யூட்டர்னா சும்மா டைப் அடிக்கது இல்ல. புரோகிராம் எழுதுதேன். பத்து நிமிசம் பேசிட்டு வாங்கன்னு எங்கப்பா நம்மள மாடிக்கு அனுப்பியிருக்காவ, நீங்களும் என்ன வேலைன்னு கேட்டுட்டீய. சொல்லிருதேன். வெள்ளிக்கெழம தட்டு மாத்துததா கீழ முடிவே பண்ணிட்டாவ, பொறவு பேச நேரம் இருக்காது பாத்துக்கிடுங்க.

போன வருசம், தொண்ணூத்தெட்டுல, ராஜபாளையத்துல ஒரு கல்யாணத் தகவல் நிலையத்துக்கு டெல்பிங்கற கம்ப்யூட்டர் மொழியில ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தேன். மாப்பிள்ளைன்னு ஒரு கிளாஸ், எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே அச்சு மாதிரி. பேரு, வயசு, சம்பளம், நட்சத்திரம், ஒவ்வொண்ணையும் ப்ராப்பர்ட்டின்னு டிக்ளேர் பண்ணணும். பண்ணிட்டு மூணு கீயச் சேத்து அமுக்குனா, வாசிக்க ஒரு வழி, மாத்த ஒரு மெத்தட், எல்லாம் அதுவே எழுதித் தந்துரும். புரியுதா? தலைய ஆட்டுதீய, சரி.

அங்கதான் நம்ம ஆளுக வேலையக் காட்டுனாவ. மெத்தட் இருக்குல்லா, மாத்திக்கிட்டே இருந்தாவ! வரன் தட்டிப்போனா வயசு கொறையும், சம்பளம் கூடும். ஒரு மாப்பிள்ளைக்கு முப்பத்திநாலு முப்பத்தொண்ணாயி, அதுவும் இருபத்தொம்பதாயிருச்சு. அட, சிரிங்க! நானும் அம்புட்டுச் சிரிச்சேன். எப்பிடித் தெரியும்னா, அந்த மெத்தடுக்குள்ள நான் ஒரு வரி எழுதி வச்சிருந்தேன், பழசத் தனியா எடுத்து வச்சுக்கிடும்.

ஒண்ணுக்கு மட்டும் மாத்துத மெத்தடே வைக்கல. முன்னால கல்யாணம் ஆச்சா இல்லையாங்கறதுக்கு. பதியும்போது என்ன சொன்னாவளோ அதுதான்.

போன வாரம் நிலையத்த நடத்துத அங்காளம்மா அக்கா போன் போட்டாவ. ஏட்டி, ஒரு மாப்பிள்ளைக்கு மனைவி இறந்துட்டாவன்னு இருக்கு, கல்யாணமே ஆகலன்னு மாத்தணுமாம், மிஷின் மாட்டேங்குதுன்னு. யாருன்னு பாத்தேன். சேத்தூர், ராஜரத்தினம்.

ஏன் எந்திரிக்கீய? உக்காருங்க. எனக்கு அழுகையா வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். போட்டோவுல உங்களப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பொண்டாட்டி செத்தத எதுக்கு மறைக்கணும்? சரி, எப்பிடிச் செத்தாவளோ பாவம்னு, நீங்க மொதல்ல பதிஞ்சு பொறவு சேத்தூர்னு மாத்துன ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசத்துக்கு நேத்து துக்கம் கேக்கப் போனேன்.

உங்க பொண்டாட்டி ஞானபாக்கியம் அக்காவே வந்து கதவத் தொறந்தாவ. தங்கமானவிய. சாப்பிடாமப் போகக்கூடாதுன்னு ஒரே பிடிவாதம், நாலு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன்.

செத்த முன்னாடி வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சுல்லா? அவியதான், நான்தான் வரச் சொன்னேன். வாங்க, கீழ போவோம். எங்கப்பா இந்நேரம் அவியளுக்கும் காப்பி குடுத்திருப்பாவ.